வீட்டுக்குள் பாம்புச் செடி

நர்சரிகளில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்கப்படும் செடி மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. நம் ஊர் மருளுக்கு நெருங்கிய உறவு. சான்செவீரியா பேரினத்தில் இருந்த இதைத் தாவரவியலாளர்கள் இப்போது டிரசீனாவில் சேர்த்துவிட்டனர். விற்பவர்கள் பழைய பெயரை விடுவதாயில்லை.

இச்செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். தடித்த இலைகளிலும் மண்ணுக்கடியில் படரும் கிழங்குத் தண்டிலும் நீரைச் சேமித்துக்கொள்கிறது. இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறப்பதால் நீரிழப்பும் குறைவு. ஆகவே மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை என்பது தோராயக் கணக்கு. விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. குருத்தில் நீர் தேங்கக் கூடாது. அடியில் துளையுள்ள மண்தொட்டியும் பாதிக்குப் பாதி மணல் கலந்த செம்மண்ணும் பொருத்தமானவை.

இருண்ட மூலையிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் வளராது. சன்னலோர வெளிச்சமே நல்லது.

இலைத்துண்டை நட்டால் வேர்விடச் சில வாரங்களாவது ஆகும். மஞ்சள் விளிம்புள்ள வகையை இப்படி வளர்த்தால் புதுச்செடியில் அந்த மஞ்சள் வராது. பக்கக்கன்றைப் பிரித்து நடுவதே சரி.

1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வை வைத்து, இது வீட்டுக் காற்றைச் சுத்திகரிக்கும் என்கிறார்கள். அந்தச் சோதனை காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் நடந்தது; காற்றோட்டமுள்ள அறையில் ஓரிரு தொட்டிகளால் பெரிய பலன் இல்லை. இலையில் சப்போனின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பூனை, நாய் கடிக்காத இடத்தில் வைக்கவும்.