ரோபோ செய்வது பிள்ளைகள், பக்கத்தில் நிற்பது யார்?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் நாட்களில் பெற்றோரிடம் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் பணத்தைச் சுற்றியே இருக்கும். கட்டணம் எவ்வளவு, வாடகை வீடா, மாத வருமானம் என்ன, படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர். அந்தப் பிள்ளையோடு வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரு தொழிலின் சூட்சுமத்தைக் காட்டிக்கொடுக்கப் பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. பள்ளிகளில் இப்போது பரவி வரும் ரோபோ அணிகளைப் பற்றிப் பேச வந்தால், முதலில் கேட்க வேண்டியதே இந்தக் கேள்விதான்.

ரோபோ என்றதும் கை கால் முளைத்து நடந்து வரும் பொம்மையை நினைக்க வேண்டாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் ஒரு சிறு வண்டி. இரண்டு மோட்டார், சில சக்கரங்கள், ஒரு பேட்டரி, தரையைப் பார்க்கும் சென்சார், இவற்றையெல்லாம் நடத்த உள்ளங்கையளவு ஒரு எலக்ட்ரானிக் போர்டு. போட்டி மேசையில் வரைந்திருக்கும் கறுப்புக் கோட்டைப் பிடித்துப் போய், ஒரு கட்டையை எடுத்து, சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். ரிமோட் கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு யாரும் தொடவும் கூடாது. பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைகள்தான் வண்டியை ஓட்டும்.

2004 முதல் நடந்துவரும் உலக ரோபோ ஒலிம்பியாட் இந்த வகைதான். 2016-ல் அதன் உலக இறுதிச் சுற்று டெல்லியில் நடந்தது. ஓர் அணியில் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர். அவர் ஆலோசனை சொல்லலாம். வண்டியைக் கட்டுவதும் கட்டளை எழுதுவதும் பிள்ளைகளின் வேலை. போட்டி நாளில் திடீரென்று ஒரு புதிய விதியையும் அறிவிப்பார்கள். அப்போது பெரியவர் வெளியேதான் நிற்க வேண்டும். அவர் செய்துகொடுத்த வண்டியோடு வந்த அணி அங்கே திணறிவிடும்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பின் வழி கொஞ்சம் வேறு. 1992-ல் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் அதன் முதல் போட்டி நடந்தது. வேலையில் இருக்கும் பொறியாளர்களை மாணவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படையே. இதைப் பற்றி அங்கே நெடுநாளாக ஒரு வாக்குவாதம் உண்டு. பெரியவர்கள் அதிகம் கைவைத்தால் அது யாருடைய ரோபோ என்று ஒரு தரப்பு கேட்கிறது. கைதேர்ந்தவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் பிள்ளை எப்படிக் கற்கும் என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. எந்த அளவுக்குக் கைவைப்பது என்பதை அந்தந்த அணியே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அமைப்பு விட்டுவிட்டது. என் எண்ணம் முதல் தரப்போடுதான். நம் பிள்ளைகள் பார்த்துக் கற்க வீட்டைச் சுற்றிப் பட்டறைகள் இருக்கின்றன. தாங்களே செய்து, கெடுத்து, திருத்திப் பழக இடம் இருப்பதுதான் அரிது.

நம் நாட்டில் நிதி ஆயோக் 2016-ல் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. அதில் பாதி கருவிகளுக்கு, மீதி ஐந்து ஆண்டு நடத்தும் செலவுக்கு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பயன்படுத்தலாம். நாடு முழுவதும் இதுவரை 10,000 பள்ளிகளில் அமைந்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். இந்தக் கூடங்களுக்கென்றே ‘மென்டார் ஆஃப் சேஞ்ச்’ என்ற தன்னார்வத் திட்டமும் உண்டு. வாரம் ஒன்றிரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். சம்பளம் இல்லை.

கருவிகள் வந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதிகாரி வரும் நாளில் மட்டும் திறக்கும் கூடத்தைப் பார்த்திருக்கிறேன். முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அறிவியல் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருக்கிறது, வேறு ஆயிரம் வேலை இருக்கிறது. அங்கே தேவைப்படுவது வெளியிலிருந்து தவறாமல் வரும் ஒரு ஆள்.

அந்த ஆள் எங்கே என்று கோயம்புத்தூரில் தேட வேண்டியதில்லை. 1937-ல் நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதாகப் பெயர் பெற்ற ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. பள்ளிப் படிப்பை அதிகம் காணாத அவர், ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே இயந்திரத்தைக் கற்றார். பம்ப் செட்டும் வெட் கிரைண்டரும் இங்கிருந்துதான் நாடெங்கும் போகின்றன. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் சத்தம். நம்மவர்களிலும் டர்னர், ஃபிட்டர், மோட்டார் வைண்டிங் செய்பவர், டூவீலர் மெக்கானிக், ஏசி மெக்கானிக், உக்கடம் பக்கம் பழைய இரும்பில் எது தேறும் எது தேறாது என்று தொட்டுப் பார்த்தே சொல்பவர் எத்தனை பேர்! ஆனால் இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, “பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்க” என்றால், “நான் எட்டாவதுங்க, எனக்கு என்னங்க தெரியும்” என்று ஒதுங்குவார். பேரிங் தேய்ந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்லும் மனிதர் அவர்.

1206-ல் அல்ஜஸரீ எழுதி முடித்த இயந்திர நூலைப் பற்றியும் அவருடைய யானைக் கடிகாரத்தைப் பற்றியும் நம் விழா மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். அவர் கையால் வேலை செய்தவர். அதனால்தான் ஒவ்வொரு கருவியையும் எப்படிச் செய்வது என்று படம் போட்டு விளக்கிவிட்டுப் போனார். மேடையில் அவர் பெயரைச் சொல்கிற நாம், தெருவில் இருக்கும் மெக்கானிக்கைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறோம்.

சரி, வந்தவர் என்ன செய்ய வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வண்டி நேற்று மூலையில் சரியாகத் திரும்பியது, இன்று திரும்பவில்லை. பிள்ளைகள் கட்டளையை மாற்றுகிறார்கள், சரியாகிறது. மறுநாள் மறுபடியும் தவறுகிறது. காரணம் கட்டளையில் இல்லை. ‘ஒரு வினாடி மோட்டாரை ஓட்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். பேட்டரி புதிதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் அந்த ஒரு வினாடியில் சக்கரம் அதிகம் சுற்றும், இறங்கியிருந்தால் குறைவாகச் சுற்றும். அனுபவம் உள்ளவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அங்கேதான் வாயைக் கட்ட வேண்டும். “தம்பி, ஓட்டறதுக்கு முன்னாடி பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுதுன்னு அளந்து எழுது. அரை மணி நேரம் ஓட்டிட்டு மறுபடியும் அளந்து எழுது” என்று மீட்டரை மட்டும் கையில் கொடுத்தால் போதும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியவன் தானே கண்டுபிடிப்பான். நேரத்தை நம்பாமல் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ண வேண்டும் என்பது அவனுக்கே தோன்றும். அதற்கென்று எண்ணும் கருவி இருக்கிறதா என்று அவனே கேட்டு வருவான்.

சென்சாரும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை அது அளக்கிறது. வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஜன்னல் வழியே வெயில் விழும் கூடத்தில் கோட்டை விட்டுவிடும். வெயிலிலும் அதே ஒளி இருக்கிறதே! ‘வண்டி கெட்டுப்போச்சு’ என்று அழுகிற பிள்ளையிடம், வீட்டுக்கும் இங்கேக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் போடச் சொல்ல வேண்டும்.

மதரஸாவில் குர்ஆன் மனனம் செய்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பிள்ளை சபக் ஒப்பிக்கும்போது தவறினால் ஹஜ்ரத் உடனே சரியான சொல்லை எடுத்துக்கொடுக்க மாட்டார். பிரம்பால் மேசையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிள்ளை ஒரு வரி பின்னால் போய், மறுபடி ஓதி, தவறிய இடத்தைத் தானே பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாமல் தவித்தால்தான் சொல் வரும். எடுத்துக்கொடுத்தே பழக்கிய பிள்ளைக்குத் தராவீஹில் நின்று ஓத வராது என்பது அவருக்குத் தெரியும்.

பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2004-ல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் என்ற உயர்நிலைப் பள்ளி. ஏழைக் குடியிருப்பு. அங்கே படித்த நான்கு மாணவர்கள், மெக்சிகோவிலிருந்து வந்த, குடியுரிமைத் தாள்கள்கூட இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள். கலிபோர்னியாவில் நடந்த நீருக்கடி ரோபோ போட்டிக்குப் பிவிசி குழாய்களை வெட்டி ஒட்டி ஒரு ரோபோ செய்தார்கள். பசை நாற்றம் தாங்காமல் அதற்கு ‘நாற்றம் பிடித்தது’ என்றே பெயர் வைத்தார்கள். கல்லூரிகள் மோதும் பிரிவில் இறங்கி, புகழ்பெற்ற எம்.ஐ.டி. அணியையும் தாண்டி முதலிடம் பெற்றார்கள். கூட இருந்தவர்கள் ஃபிரெடி லஜ்வர்தி, ஆலன் கேமரன் என்ற இரண்டு ஆசிரியர்கள். லஜ்வர்தி ஈரானில் பிறந்தவர். நீருக்கடி ரோபோவில் இருவரும் நிபுணர்கள் அல்ல. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும்படி பிள்ளைகளைப் பழக்கினார்கள். பிள்ளைகளும் கருவி விற்கும் நிறுவனங்களுக்குத் தாங்களே போன் போட்டு விவரம் கேட்டார்கள். இந்தக் கதை பிறகு திரைப்படமாகவும் வந்தது. ஆனால் வெற்றிக்குப் பிறகும் அந்த நால்வருக்கும் வாழ்க்கை எளிதாக இல்லை, தாள் இல்லாத குறை அவர்களைத் துரத்தியது. ஒரு கோப்பை எல்லாக் கதவையும் திறந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2017-ல் வாஷிங்டனில் நடந்த உலக ரோபோ போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து பெண்கள் அணி ஒன்று போனது. இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்துப் போய், துணிவான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பழைய டொயோட்டா கொரோலா கார் பாகங்களைக் கொண்டு சுவாசக் கருவி மாதிரி ஒன்றை அந்த அணியினர் உருவாக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ரோயா மஹ்பூப் என்ற பெண் தொழில்முனைவோர் இருந்தார். நம் தெருக்களில் பி.இ. முடித்து, திருமணத்துக்குப் பின் வீட்டில் இருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்? சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்றால் பல வீடுகளில் சம்மதம் கிடைக்கும். ‘ஆண் வாத்தியாராக இருக்குமே’ என்று தயங்கும் தாய்மார்களின் தயக்கமும் அதோடு தீரும். பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பில் ஓர் அணிக்குப் பின்னணி சரிபார்க்கப்பட்ட இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதையே நாமும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனியே இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. வாட்ஸ்அப் செய்தி பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும். சோல்டரிங் செய்யும் இடத்தில் காற்றோட்டம், துளை போடும்போது கண்ணாடி. லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அது தீப்பிடிக்கும் சாமான்.

செலவைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். கோட்டைப் பின்பற்றும் ஒரு வண்டிக்கான போர்டு, மோட்டார், சென்சார் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பெரிய போட்டிகளுக்கான தொகுப்புப் பெட்டி பல ஆயிரம் ஆகும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜகாத் பணத்தில் கருவி வாங்கலாமா என்றால், ஜகாத் அதற்குத் தகுதியானவரின் கையில் அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். பொதுவில் வைக்கும் கருவிக்கு அது பொருந்தாது. எனவே இதற்கென்று தனியே லில்லாஹ் நன்கொடை வாங்குவதே சரி.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், இன்ஷா அல்லாஹ், ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அலுவலக மாடியில் தொடங்க எண்ணம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், முதலில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஆண் பிள்ளைகள் அணிக்கு இருவர், பெண் பிள்ளைகள் அணிக்குச் சகோதரிகள் இருவர் என்று நான்கு பெரியவர்கள் தேவை. படிப்பு எவ்வளவு என்று கேட்க மாட்டோம். ஆறு மாதம் தவறாமல் வர முடியுமா என்று மட்டும் கேட்போம். இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுபவரால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பெயர் கொடுக்க விரும்புவோர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கொடுக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் மல்டிமீட்டர், பழைய சார்ஜர், ஓடாத பொம்மைக் கார் எதுவானாலும் எடுத்து வாருங்கள், முதல் நாள் பிரித்துப் பார்க்க அவையே போதும்.