உங்களுக்குத் தெரியுமா? – வேதத்தில் அரைப் பேர் கிடையாது

மூன்று ராஜாக்கள்

டிசம்பர் பிறந்தால் தெஹியோவிட்ட கடைவீதியில் கிறிஸ்மஸ் அட்டைகள் தொங்கும். அவற்றில் மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வருவார்கள். மத்தேயு சுவிசேஷம் சொல்லும் இந்தக் கதையில் ஒட்டகமும் இல்லை, அவர்கள் ராஜாக்களும் இல்லை, மூன்று என்ற எண்ணிக்கையும் இல்லை. கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள். பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கினார்கள். காணிக்கை மூன்று என்பதால் ஆளுக்கொன்று என்று பிற்காலத்தார் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

குடிலில் படுத்திருக்கும் மாடும் கழுதையும்கூட சுவிசேஷத்தில் வராதவை. ஏசாயா முதல் அதிகாரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வரப்பட்டவை. அதற்காகக் குடில் கட்டும் பிள்ளைகளிடம் மாட்டை எடுக்கச் சொல்லிவிடாதீர்கள். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் வைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார்.

இரண்டு துணுக்கு

ஏவாள் பறித்தது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. கனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

எஸ்தர் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுள் என்ற பேச்சே ஓரிடத்திலும் வராது.

விடியுமுன் ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது அப்போஸ்தலர் காலத்தில் இல்லாத சங்கதி. ஏறக்குறைய கி.பி. 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, சக்கரவர்த்தி திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன்னே கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள், களவு செய்வதில்லை, சொன்ன வாக்குத் தவறுவதில்லை என்று சத்தியம் பண்ணிக் கலைகிறார்கள், பிறகு சாப்பிட மறுபடி கூடுகிறார்கள் என்று விசாரித்தறிந்ததைச் சொல்கிறார். பெரட்டுக்கு முன் எழுந்து பழகியவர்களுக்கு அந்த நேரக் கணக்கு உடனே விளங்கும். இன்னும் உண்மையை வரவழைக்க அவர் யாரைச் சித்திரவதை செய்தார் தெரியுமா? சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களை. அவர்கள் பெயரைக் கடிதத்தில் எழுத அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியவர் கொன்ஸ்தந்தீன்; ஆண்டு 321. நீதிபதிகளுக்கும் நகரத்தாருக்கும் தொழிற்கூடங்களுக்கும் அன்று ஓய்வு. நிலத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் வழக்கம்போல வேலை பார்க்கலாம் என்று அதே சட்டத்தில் ஒரு விலக்கு. தோட்டத்துச் சனத்தைச் சட்டம் மறப்பது நேற்று தொடங்கியதல்ல.

அரைப் பேர்

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கதையைக் கேட்காதவர் இல்லை. அதை நம்ம ஊர்க் கணக்கில் வாசித்துப் பாருங்கள். தோட்டக்காரன் விடிகாலையிலேயே ஒரு தெனாரியம் கூலி பேசி ஆள் பிடிக்கிறான். தெனாரியம் என்பது அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். பிறகு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை, பொழுது சாய ஒரு மணித்தியாலமே இருக்கும்போது ஐந்து மணிக்கு இன்னொரு தடவை என்று சந்தைவெளிக்குப் போகிறான். கடைசியாக நின்றவர்களை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்பது அவர்கள் பதில். மழை விழுந்து பால்வெட்டு இல்லாமல் போன நாளில் ரப்பர் மலைக்காரர் எவரும் சொல்லக்கூடிய பதில் அது.

மாலையில் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, கடைசியில் வந்தவனிலிருந்து கூலி கொடு என்கிறான் முதலாளி. எல்லோருக்கும் ஒரே தெனாரியம். நாள் முழுக்க வெயிலில் கிடந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். முறுமுறுப்பில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று யார் சொல்வது? ஆனாலும் பிரசங்கத்தில் இந்தக் கதை பெரும்பாலும் பரலோகத்துக்கே ஏறிவிடுகிறது. கீழே இருக்கும் கூலிக்கணக்கை யாரும் தொடுவதில்லை. நிர்ணயித்த கிலோ கொழுந்து வரவில்லையென்றால் செக்ரோலில் அரைப் பேர் விழும் என்பதை அறிந்தவர்கள், 2021இல் வர்த்தமானியில் வரும்வரை ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக வருடக்கணக்காகக் குரல் கொடுத்தவர்கள், இந்தக் கதையைக் கேட்கும் விதமே வேறு. ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் அன்றிரவு உலை வைக்க வேண்டும். அரைப் பேர் போட்டால் அரை வயிறுதான்.

கூலியைப் பற்றி வேதம் பேசும் இடம் இது ஒன்று மட்டுமல்ல. கூலிக்காரனுக்குரியதைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான் என்கிறது உபாகமம் 24. அறுவடைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் பணக்காரரைத் திட்டுகிறது. இந்த அதிகாரத்தைக் கடைசியாக எந்த ஞாயிறில் கேட்டீர்கள்?

மூன்றாம் நாளும் தங்கினால்

1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஒரு பழைய கையெழுத்துச் சுவடி கிடைத்தது. கண்டெடுத்தவர் பிலோத்தேயோஸ் பிரையென்னியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர். பத்து வருடம் கழித்து 1883இல் அச்சிட்டார். சுவடி 1056இல் எழுதப்பட்ட பிரதி. ஆனால் அதிலிருந்த ‘திதகே’ என்ற சிறு நூல், முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பிறகோ எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ என்பது அதன் தலைப்பு.

ஞானஸ்நானம் ஓடும் தண்ணீரில் கொடுங்கள் என்கிறது அது. தெரணியகலைப் பக்கமிருந்து இறங்கும் சீதாவக்கை கங்கை மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது. இல்லையென்றால் வேறு தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீர். அதுவும் போதாதென்றால் தலையில் மூன்று தடவை ஊற்றினால் போதும். முங்கவேண்டுமா, தெளித்தால் போதுமா என்று பீலிக்கரையில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. இந்நூலை எழுதியவர்கள் அதற்காகச் சண்டைபிடித்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. ஊர் ஊராக வரும் ஊழியக்காரரை எப்படிச் சோதிப்பது? வந்தவரை ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கட்டும், தேவையென்றால் மறுநாளும் இருக்கட்டும். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் பொய்த் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் கொடுங்கள். பணம் கேட்டால் அவரும் பொய்த் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து ‘விருந்து வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தானே பந்தியில் உட்கார்ந்தால் அவரும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. இல்லாதவர்களுக்காக வாங்கிக் கொடுக்கச் சொன்னால் மட்டும் குறைசொல்லக் கூடாது. ஊரோடு தங்கிவிட விரும்புகிறவர் தொழில் தெரிந்தவரானால், வேலை செய்து சாப்பிடட்டும்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்வதும் இந்நூலே. ராஜ்யம், வல்லமை, மகிமை என்று முடியும் கடைசி வரியைச் சபைக்காரர் சேர்த்துச் சொல்வார்கள், கத்தோலிக்கர் அங்கே நிறுத்திவிடுவார்கள். ஒரே லயத்தில் இரண்டு வகைச் சொந்தமும் கூடி ஜெபிக்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும். மத்தேயுவின் மிகப் பழைய பிரதிகளில் அந்த வரி இல்லை. ஆனால் திதகேயில், வல்லமையும் மகிமையும் மட்டுமாக, அதன் சிறிய வடிவம் இருக்கிறது. ஆக, இரண்டு பக்கத்துக்கும் பழைய ஆதாரம் உண்டு.

நம் நாட்டில்

1912இல் அநுராதபுரத்தில் அகழ்ந்தபோது கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை கிடைத்தது. போர்த்துக்கேயர் கரையிறங்கியது 1505இல். இது அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் ஒன்று உண்டு, பாரசீகத்தில் பட்டம் பெற்ற குருவும் இருக்கிறார் என்று எழுதிவைத்திருக்கிறார்.

இலங்கையின் முதல் புனிதர் யோசப் வாஸ் கோவாக்காரர். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தமிழ்ப் புதிய ஏற்பாடு என்றதும் தரங்கம்பாடியும் சீகன்பால்குவும்தான் நினைவுக்கு வரும். 1759இல் கொழும்பிலும் ஒன்று அச்சானது. மொழிபெயர்த்தவர் பிலிப் த மெல்லோ, டச்சுத் திருச்சபையில் போதகரான முதல் இலங்கையர்.

கோப்பிக் காலத்தில், 1854இல், மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரிலேயே ஒரு மிஷன் தொடங்கியது. துரைமார் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று நடத்தியது; பின்னாளில் ‘கூலி’யை உதறிவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். துரை அனுமதித்த மிஷன் என்பது உண்மைதான். ஆனால் லயம் லயமாக நடந்து போதித்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள்.

இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டமும் சேர்ந்த கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது 1995இல். அதன் முதல் ஆயர் இன்றைய கர்தினால் மல்கம் ரஞ்சித்.

இருபத்துமூன்றா, இருபத்திரண்டா?

வேதபுத்தகத்தின் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீவன் லாங்டன் செய்தது. இன்றுள்ள வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவர் பாரிஸ் அச்சுக்காரர் ரொபேர் எத்தியேன், 1551இல். பவுல் தன் கடிதங்களில் எண் எதுவும் போடவில்லை.

சங்கீதங்களின் எண் மட்டும் இரண்டு விதமாக ஓடும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 9ஐயும் 10ஐயும் ஒன்றாகச் சேர்த்ததால், அதைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் அதற்குப் பிறகு வருபவை பெரும்பாலும் ஓர் எண் பின்தங்கியிருக்கும். மரணவீட்டில் சித்தப்பா பழைய புத்தகத்தைப் புரட்டி 22 என்பார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மகள் 23 என்பாள். இரண்டும் அந்த மேய்ப்பன் சங்கீதம்தான். 147ஐ அதே கிரேக்கப் பிரதி இரண்டாகப் பிரித்துவிடுவதால், முடிவில் இரு பக்கமும் 150இல் வந்து சேர்ந்துவிடும்.