திண்ணையில் ஓர் ஆள் வேண்டும்

ஊருக்குப் போயிருந்தபோது அலுவலகக் கணினியில் இருந்த ஒரு கோப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். 'ஆஃப்லைன்' என்றது. முந்தைய இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. கணினி தானாகவே எழுந்து, பாஸ்வேர்டு கேட்டபடி நின்றிருக்கிறது. நான் லாகின் செய்தால்தான் அந்த மென்பொருள் இயங்கும். லாகின் செய்யவோ அந்த மென்பொருள் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை.

இதற்கு விண்டோஸில் உள்ள வழி, மென்பொருளை 'சர்வீஸ்' ஆக நிறுவுவது. சர்வீஸ் என்பது வீட்டுக்காரர் வருமுன்பே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடும் ஆள். கணினி எழும்போதே அதுவும் எழுந்துவிடும்.

ஆனால் திண்ணையிலிருந்து கூடம் தெரியாது. விஸ்டா காலம் முதல் சர்வீஸ்களுக்கு 'செஷன் 0' என்று தனி இடம். திரையும் கீபோர்டும் அடுத்த செஷன்களில். போதாததற்கு, பாஸ்வேர்டு திரை வேறொரு பாதுகாப்பான தளத்தில் இயங்குகிறது. சாதாரண நிரல்களால் அதை எட்டிப்பார்க்க முடியாது. பாஸ்வேர்டைத் திருட வரும் நிரலைத் தடுக்கும் சுவர்தான் நம்மையும் தடுக்கிறது. அதனால் சர்வீஸ், உச்ச அதிகாரம் கொண்ட ஓர் உதவியாளரை உள்ளே அனுப்பித் திரையைப் படிக்கிறது. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் மட்டும் அவருக்கும் எளிதில் கைவராது. ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி கணினியை மறுபடி தொடங்குவதற்காக அமைத்த அந்த மூன்று விசைகளை, 1993-இல் விண்டோஸ் என்டி லாகினின் வாசலாக்கியது. வேறெந்த நிரலாலும் அதை இடைமறிக்க முடியாது என்பதே காரணம். போலியாக அழுத்துவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வைஃபை காலை வாரலாம். அதன் பாஸ்வேர்டு உங்கள் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், லாகினுக்கு முன் இணையமே கிடையாது. கேபிள் போட்டுவிடுவது உத்தமம். கணினியின் வட்டையே குறியாக்கம் செய்து பூட்டிவைத்திருந்தால் கதை வேறு: பூட்டு திறக்கும்வரை இயங்குதளமே எழாது, சர்வீஸ் எங்கிருந்து வரும்? லினக்ஸ் சர்வர்க்காரர்கள் இதற்காக தொலைவிலிருந்து நுழைய உதவும் 'டிராப்பேர்' என்ற குட்டி எஸ்எஸ்ஹெச் நிரலைத் தொடக்கக் கட்டத்திலேயே செருகி வைக்கிறார்கள்.

திண்ணையே இடிந்தால்? 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பல கணினிகள் எழும்போதே விழுந்தன. தொலை மென்பொருள் தலைதூக்க நேரமில்லை. ஊழியர்கள் ஒவ்வொன்றின் முன்பும் போய் உட்கார்ந்து சேஃப் மோடில் சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்டெல்லின் 'ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி' (AMT) போல, இயங்குதளத்தை நம்பாமல் வன்பொருளிலேயே அமைந்த வசதி இருந்த இடங்களில் சற்று நிம்மதி.

என் கோப்பா? பக்கத்து சீட்டு நண்பருக்கு ஃபோன் போட்டு, பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். திரும்பி வந்ததும் முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். அப்புறம்தான் சர்வீஸ்.