மாடன் கொடையும் வேத மெட்டலும்

போன சித்திரையில் எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடை. வில்லுப்பாட்டுக்கு நடுவே அக்கா மகன் என் காதில் இயர்போனைச் செருகி, "மாமா, இதக் கேட்டுப் பாருங்க" என்றான்.

"என்னடே மக்கா, மாவு மில்லு ஓடுத மாதிரி இருக்கு?"

"சத்தத்துக்குள்ள சமஸ்கிருதம் கேக்கா?"

கேட்டது. அது சிங்கப்பூர் 'ருத்ரா' குழு. அன்றிலிருந்து ஒரு மாதம் அதைத் தேடித் தேடிக் கேட்டேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு.

ருத்ரா தொடங்கிய ஆண்டு 1992. பாடுவதும் பேஸ் கிதார் வாசிப்பதும் கதிர், டிரம்ஸ் சிவா. தங்கள் இசைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேத மெட்டல்'. முதல் ஆல்பம் 1998இல் வந்தது.

அதே 1992இல் நார்வேயில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே பிளாக் மெட்டல் வளர்ந்த காலம் அது. அலறல் குரல், இடைவிடாத கிதார், இயந்திரத் துப்பாக்கி போன்ற டிரம்ஸ். எம்பரர், டிம்மு போர்கிர் போன்ற குழுக்கள் இதனுடன் கீபோர்டையும் சேர்த்து சிம்பொனி போல விரித்தன. கூடவே ஒரு வெறுப்பும் வளர்ந்தது. கிறிஸ்தவம் எங்கள் மூதாதையரின் தெய்வங்களை அழித்துவிட்டது என்று சில இளைஞர்கள் கிளம்பினார்கள். 1992 ஜூனில் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. பிறகு வேறு சில. எம்பரர் குழுவின் கிதார் கலைஞரே தீவைப்பு வழக்கில் சிறைக்குப் போனார்.

எங்க மாவட்டத்துக்காரனுக்கு இதை வெறும் வெளிநாட்டுச் செய்தியாகப் படிக்க முடியாது. கோயில் மதிலும் குருசடியும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்கள் இவை. 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'எங்க முன்னோர்' என்ற சொல் எந்த நேரத்தில் தீக்குச்சி ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே ருத்ராவையும் சந்தேகத்தோடுதான் கேட்டேன். 2001இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'தி ஆர்யன் குருசேட்'. தமிழ்க் காதுக்கு உறுத்தும். ஐரோப்பியக் காதுக்கு நாஜி வாடை அடிக்கும். 'மேன்மையான' என்ற பழைய பொருளில் வைத்த பெயர்தான் அது. ஆனாலும் அந்தத் தலைப்போடு எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

பிறகு வந்தவை வேறு. 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' வரிசை மூன்று ஆல்பங்கள், உபநிடத விசாரணை. கதிர் அத்வைத வேதாந்தம் படித்தவர், பாடமும் சொல்கிறவர். நார்வே இளைஞர்களுக்குப் பழைய மதம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அறுந்துபோன ஒன்று. புத்தகத்திலிருந்தும் கற்பனையிலிருந்தும் கட்டியெழுப்பினார்கள். அதை நிறுத்திவைக்க ஒரு எதிரி தேவைப்பட்டான். கதிருக்கு அது கையில் இருக்கிற பாடம். 2016 ஆல்பத்தின் பெயரே 'எனிமி ஆஃப் டுயாலிட்டி', இருமையின் பகைவன். பகை பக்கத்து வீட்டுக்காரன்மேல் இல்லை. நான் வேறு நீ வேறு என்ற எண்ணத்தின்மேல்.

இரைச்சல் மட்டும் எதற்கு என்று கேட்கலாம். கொடை பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். மாடன் கதையில் உக்கிரமான இடம் வரும்போது வில்லடி வேகம் பிடிக்கும். உடுக்கும் குடமும் ஒன்றையொன்று துரத்தும். கணியான் கூத்து நடக்கிற கோயில் என்றால் மகுடம் அதிரும். சொல் புரியாத வேகம் வந்த பிறகுதான் சாமியாடிக்கு அருள் வரும். அங்கே சத்தம் அலங்காரமில்லை, வாசல். ருத்ரன் என்ற பெயரும் உக்கிரத்தின் பெயர்தானே?

கேட்க நினைப்பவர்கள் 2005 ஆல்பத்தில் தொடங்கலாம். முதல் தடவை சத்தத்தைக் குறைச்சே வையுங்க, தப்பில்லை. நான் அப்படித்தான் தொடங்கினேன். இப்போ வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.