குறைந்த விலையில் நல்ல இரட்டைக்குழல் துப்பாக்கி

இரண்டு குழல்களைப் பக்கவாட்டில் இணைத்துச் செய்யும் வேட்டைத் துப்பாக்கி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளிலேயே ஏறத்தாழ இன்றைய வடிவத்தை அடைந்துவிட்டது. பிறகு வந்த மாற்றங்கள் சிறியவை. அதனால், எண்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்ட துப்பாக்கி ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தால் இன்றும் முழுமையான கருவிதான். லண்டனில் பர்டி போன்ற நிறுவனத்திடம் புதிதாகச் செய்யச் சொன்னால் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகும். பர்மிங்காமின் பழைய துப்பாக்கியோ சில நூறு பவுண்டுக்கு ஏலத்தில் போகிறது.

இந்த இறக்கத்துக்கு முதற்காரணம், களிமண் தட்டு சுடும் விளையாட்டு வளர்ந்ததும் பெரும்பாலோர் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் அமைந்த துப்பாக்கிக்கு மாறிவிட்டது. ஈய ரவைக்கு வந்துகொண்டிருக்கும் தடைகள் இன்னொரு காரணம். இரண்டுமே துப்பாக்கியின் தரத்தைத் தொடாத காரணங்கள். குறைந்த பணத்தில் தரமானதைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல காலம் வாய்ப்பது அரிது.

முதலில் உள்ளே இருக்கும் பொறியைப் புரிந்துகொள்ள வேண்டும். விலை உயர்ந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் இருப்பது சைடுலாக்: சுத்தியும் வில்லும் பக்கத் தகடுகளின் உட்புறம் பொருத்தப்பட்டிருக்கும். பொறி நுட்பமானது, தகட்டில் சித்திர வேலைக்கு நிறைய இடமும் உண்டு. மற்றது பாக்ஸ்லாக். 1875-இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த வில்லியம் ஆன்சன், ஜான் டீலி இருவரும் இதற்குக் காப்புரிமை பெற்றனர். குழலைக் கீழே மடக்கித் திறக்கும்போது அந்த அசைவே உள்ளிருக்கும் சுத்திகளை இழுத்துத் தயாராக வைக்கிறது. உறுப்புகள் குறைவு, அவை தடிமனானவை, செய்வதும் எளிது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் உலகத்தின் பாதித் துப்பாக்கிப் பட்டறைகள் இதைத்தான் பின்பற்றின. மலிவான சைடுலாக்கைவிடச் சராசரி பாக்ஸ்லாக் நம்பகமானது. பக்கத் தகட்டின் அழகுக்கு மயங்கி, சுமாரான சைடுலாக்கை வாங்குவதுதான் இந்தச் சந்தையில் பணம் வீணாகும் முதல் வழி.

பர்மிங்காம் வணிகம் நடந்த விதத்தை அறிந்தால், பெயருக்காகப் பணம் கொடுக்கும் இரண்டாவது வழியையும் தவிர்க்கலாம். அங்கே குழல் செய்பவர், பொறி செய்பவர், கட்டை செதுக்குபவர், சித்திரம் வெட்டுபவர் எல்லாரும் தனித்தனிப் பட்டறைக்காரர்கள். முடிந்த துப்பாக்கிகளை இங்கிலாந்தின் சிற்றூர்களில் இருந்த கடைக்காரர்கள் வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். ஆகவே, யாரும் கேள்விப்படாத ஒரு சிற்றூர்க் கடையின் பெயர் தாங்கிய துப்பாக்கி, உண்மையில் வெப்லி அண்ட் ஸ்காட் போன்ற பெரிய பட்டறையின் வேலையாக இருக்கக்கூடும். பெயர் தெரியாததால் விலை குறைவு. இரும்பும் மரமும் அதேதான். 1897-இல் உருவான வெப்லி அண்ட் ஸ்காட் 1979 வரை இத்தகைய பாக்ஸ்லாக்குகளைச் செய்தது. அதன் 700 வரிசை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தயாரிப்பு என்பதால் குழலின் எஃகும் நல்லது, பழுதுபார்ப்பவர்களும் அதை நன்கு அறிவார்கள்.

விலையை இன்னும் இறக்கும் சில அம்சங்கள் உண்டு. சுட்டு முடிந்த தோட்டாவை வெளியே எறியும் எஜெக்டர் இல்லாத துப்பாக்கி, இருப்பதைவிட மிகவும் மலிவு. தோட்டாவைக் கொஞ்சம் தூக்கித் தரும். விரலால் எடுத்துக்கொள்ள வேண்டும். நிதானமாகச் சுடுபவருக்கு அது குறையே அல்ல, கெட்டுப்போக ஒரு பொறி குறைவு என்பது கூடுதல் நன்மை. விசை இரண்டாக இருப்பதும் அப்படியே. பழைய ஒற்றை விசைப் பொறிகள் பல சிக்கலானவை. இரண்டு விசை இருந்தால் அகலமாகச் சிதறும் குழலையோ இறுக்கமாகச் சுடும் குழலையோ ஒரு கணத்தில் தேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது, ஸ்லீவ் செய்யப்பட்ட துப்பாக்கி: தேய்ந்த குழல்களை அறுத்து, பழைய அடிப்பகுதியில் புதிய எஃகுக் குழல்களைச் செருகி மறுசோதனைக்கு அனுப்பியது. சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். சுடுபவருக்கோ, பழைய நல்ல பொறியோடு புதிய குழல் கிடைக்கிறது. குறைந்த பணத்தில் உயர்ந்த பட்டறையின் வேலையைக் கையில் பிடிக்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

இனி குழலின் அடிப்பக்கத்தைப் படிக்க வேண்டும். பிரிட்டனில் விற்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையிலோ, பிரிட்டன் ஏற்கும் வெளிநாட்டுச் சோதனைச் சாலையிலோ, வழக்கமானதைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. முத்திரைகளிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, துப்பாக்கி கரும்பொடிக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குமா. இரண்டு, தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. இன்று கடையில் பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் நுழைந்துவிடும், ஆனால் முனை விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். மூன்று, சோதனையின்போது இருந்த உள்விட்டம். 12 போர் குழலின் பெயரளவு விட்டம் 0.729 அங்குலம். துருவைப் போக்க யாராவது உள்ளே கடைந்து, அளவு அனுமதித்த எல்லையைத் தாண்டிவிட்டால் முத்திரை செல்லாது. 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய துப்பாக்கியை விற்பதே அங்கே குற்றம். அமெரிக்காவில் இப்படி அரசு கட்டாயப்படுத்தும் சோதனை கிடையாது. அங்கே வாங்குபவர் எல்லாவற்றையும் தாமே அளக்க வேண்டும்.

உள்விட்டம் சரியாக இருந்தாலும் சுவரின் தடிமன் தனிக் கேள்வி. வெளியே தேய்த்து மெருகேற்றிய குழல் உள்ளே சரியான அளவு காட்டும், சுவர் மட்டும் காகிதமாகியிருக்கும். அரை மில்லிமீட்டருக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் கீழே இறங்கிய குழலைப் பெரும்பாலான கைவினைஞர்கள் ஒதுக்கச் சொல்வார்கள். இதற்கென்றே உள்ள அளவுகோலால்தான் இதை அறிய முடியும், கண்ணால் முடியாது. அந்த அளவைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது.

மற்ற சோதனைகளுக்குக் கண்ணும் காதும் போதும். தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு குழல்களைக் கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால் கோயில் மணி போலத் தெளிந்த ஒலி நீண்டு வர வேண்டும். மந்தமாகவோ அதிர்ந்தோ ஒலித்தால் குழல்களை இணைக்கும் பட்டையின் பற்றாசு விட்டிருக்கிறது. அதை மீண்டும் பதிக்கும் செலவு, மலிவான துப்பாக்கியின் விலையையே விழுங்கும். அடுத்து வெளிச்சத்தை நோக்கிக் குழலின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் ஒளிவளையம் எங்காவது உடைந்தால் அங்கே பள்ளம். இருண்ட முழு வளையமாகத் தெரிந்தால் வீக்கம். பள்ளத்தை எளிதாக எடுத்துவிடலாம். வீக்கம் எஃகு இழுபட்டதன் அடையாளம் என்பதால் அது கவலைக்குரியது.

பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழல்களைப் பூட்டிய நிலையில் கட்டையைப் பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். அசைவு தெரிந்தாலோ, குழலின் அடிக்கும் பொறியின் முகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தாலோ கீல் தேய்ந்திருக்கிறது. நல்ல கைவினைஞர் எஃகு சேர்த்து இதைச் சரிசெய்வார். அவசரக்காரர்கள் கொக்கியைச் சுத்தியலால் அடித்துப் பரப்பி, விற்கும்வரை இறுக்கமாக வைத்திருப்பார்கள். கொக்கியில் அடிபட்ட தழும்பு இருந்தால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிடலாம். திறக்கும் மேல் நெம்பியும் சாட்சி சொல்லும்: பூட்டியபின் அது நடுவிலோ சற்று வலப்புறமோ நிற்க வேண்டும், இடப்புறம் தாண்டியிருந்தால் தேய்மானம் அதிகம். திருகுகளின் தலைப்பள்ளம் சிதைந்திருந்தால் அறியாதவர் கை உள்ளே போயிருக்கிறது. கட்டையில், இரும்பு சேரும் இடத்தையும் கைப்பிடி மெலியும் இடத்தையும் வெடிப்புக்காகத் துருவிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் எண்ணெய் ஊறிக் கறுத்த வால்நட் மரம் அங்கேதான் முதலில் விடும். போலித் தோட்டா இட்டு இரு விசைகளையும், பாதுகாப்புப் பூட்டையும், எஜெக்டர் இருந்தால் இரண்டும் ஒன்றாக எறிகின்றனவா என்பதையும் பார்த்துவிடலாம்.

பர்மிங்காமுக்கு அடுத்து நம்பத்தக்கது ஸ்பெயினின் பாஸ்க் நாட்டு ஈபார் நகரம். அங்கே 1915-இல் தொடங்கிய ஆயா நிறுவனம், ஆங்கில இறக்குமதியாளர்களின் வேண்டுகோளின்படி ஆங்கில மாதிரிகளைக் கவனமாகப் பின்பற்றியது. அதன் 4-ஆம் எண் பாக்ஸ்லாக்கும் 2-ஆம் எண் சைடுலாக்கும் குறைந்த விலைத் துப்பாக்கிகளில் தனி மதிப்புக்குரியவை. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டவை, பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் அறை கொண்டவை. ஈபாரின் எல்லா வேலையும் இப்படி என்று சொல்ல முடியாது. ஏற்றுமதிக்கென்று மலிவாகச் செய்தவற்றில் உள்ளுறுப்புகள் மென்மையானவை. ஜெர்மனியின் சூல் நகரத்து மெர்க்கல் பாக்ஸ்லாக்குகள் உறுதியானவை, விலை சற்றுக் கூடுதல். ஜப்பானில் மிரோகு பட்டறை 1970-களிலும் 80-களிலும் பிரௌனிங்குக்காகச் செய்த பி.எஸ்.எஸ். கனமானது, ஆனால் அசைக்க முடியாதது. புதிதாகவே வேண்டும் என்பவருக்குத் துருக்கியின் ஹூக்லூ ஊர்த் தயாரிப்புகள் உண்டு. அவற்றின் மர வேலையும் தோற்றமும் விலைக்கு மேல். ஒவ்வொன்றையும் தனியே சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் ஏ.எச்.ஃபாக்ஸ் நிறுவனத்தின் கதை பெயரைப் பற்றிய எச்சரிக்கை. தியடோர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு எடுத்துச் சென்றது, அந்நிறுவனம் பரிசளித்த சித்திர வேலை நிறைந்த துப்பாக்கி. அதே பொறியைச் சித்திரமின்றி, எளிய மரத்தோடு ஸ்டெர்லிங்வொர்த் என்ற பெயரில் விற்றார்கள். இன்றும் குறைந்த விலையில் கிடைக்கும் மிகச் சிறந்த அமெரிக்கத் துப்பாக்கி அதுதான். பிற்பாடு ஃபாக்ஸ் என்ற பெயர் சாவேஜ் நிறுவனத்திடம் போயிற்று. அவர்கள் ‘ஃபாக்ஸ் மாடல் பி’ என்று விற்றது முற்றிலும் வேறு பொறி கொண்ட சாதாரணத் துப்பாக்கி. பெயரை மட்டும் பார்த்து ஸ்டெர்லிங்வொர்த் விலை கொடுத்தால் நட்டம்.

எடைக்கு, 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: துப்பாக்கி, தான் சுடும் ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ. அதைவிட இலேசானது தோளை இடிக்கும். கட்டையின் நீளமும், கண்ணுக்கு நேர்வர அது பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவும் உடலுக்குப் பொருந்த வேண்டும். சிறு மாற்றங்களை மரத்தை வெந்நீராவியாலோ சூடான எண்ணெயாலோ வளைத்துச் செய்யலாம். குட்டையான கட்டையை நீட்டினால் தழும்பு தெரியும், அதையே காரணம் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ரவை விஷயத்தை வாங்குமுன்னே தீர்த்துக்கொள்ள வேண்டும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் அமெரிக்கா முழுவதும் 1991-லும் இங்கிலாந்தில் 1999-லும் தடை செய்யப்பட்டது. மாற்றான எஃகு ரவை கடினமானது; மெல்லிய சுவரும் இறுகிய வாயும் கொண்ட பழைய குழலை அது கெடுத்துவிடும். பிஸ்மத் ரவை ஈயம் போல மென்மையானது, விலைதான் பல மடங்கு. ஆண்டுக்குச் சில பெட்டித் தோட்டா மட்டும் சுடுபவருக்கு அந்தச் செலவு தாங்கும். வாரந்தோறும் சுடுபவர் எஃகு ரவைக்கு ஏற்ற பிற்காலத் துப்பாக்கியை நாடுவதே கணக்குக்குச் சரி.

எந்த நாடானாலும் உரிமம் முதலில். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதை ஆள்கிறது. 2019-இன் திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள் என்று வரம்பிட்டது. காலனிக் காலத்தில் வந்த கிரீனர், வெப்லி இரட்டைக்குழல்கள் உரிமத்தோடு வாரிசுகளிடம் இங்கே இன்னும் இருக்கின்றன. சுடுவதற்கு முன் மேலே சொன்ன சோதனைகள் அவற்றுக்கும் வேண்டும். பிரிட்டனில் காவல்துறை தரும் சான்றிதழ் இருந்தால் ஏலங்களில் நேரடியாகக் கேட்கலாம். மலிவானவை அங்கேதான் வரும், ஆனால் ஏலக்காரரின் கமிஷனும் வரியும் சேர்ந்து கேட்ட தொகைக்கு மேல் கால் பங்குக்கும் அதிகமாகப் போகும். அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்தால், மாதக் கணக்கில் உத்தரவாதம் தரும் கடைக்காரரின் விலை பல நேரம் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும். தொலைவிலிருந்து வாங்கும்போது, திருப்பி அனுப்பும் உரிமையுடன் சில நாள் பார்வையிட அவகாசம் தருகிறாரா என்று எழுத்தில் பெற்றுக்கொண்டு, அந்த நாட்களுக்குள் ஒரு துப்பாக்கிக் கைவினைஞரிடம் கொடுத்துக் குழலை அளந்துவிட வேண்டும். அவருக்குத் தரும் கூலியையும் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுவது நல்லது.