ஒரே உலை, ஒரே பந்தி

மாணவர் விடுதியைச் சமூகப் பள்ளியாக மாற்றிய ஒரு நகரின் கதை

சாப்பாட்டு மணி அடித்தபோது அந்த மாணவருக்கு மட்டும் பந்தியில் இடமில்லை. முதலில் குளித்துத் தீட்டைக் கழிக்க வேண்டும் என்றார் விடுதிக் கண்காணிப்பாளர். தீண்டப்படாதோர் எனப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட மிஸ் கிளார்க் விடுதியின் விழாவுக்குப் போய்வந்ததுதான் அவர் செய்த குற்றம். மாணவர் குளிக்க மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார்.

1908-இல் கோலாப்பூரில் நடந்த இந்தச் சம்பவத்தின் நாயகர் பாவுராவ் பாட்டீல். கும்போஜ் கிராமத்து சமண விவசாயக் குடும்பத்தில் 1887-இல் பிறந்தவர்.

அன்றைய கோலாப்பூர் விடுதிகளின் நகரம். கிராமத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டுமானால் நகரில் தலைசாய்க்க ஓர் இடமும் இரண்டு வேளைச் சோறும் வேண்டும் என்பதை மன்னர் ஷாஹு மகாராஜ் புரிந்துகொண்டிருந்தார். எல்லோருக்குமான பொது விடுதியில் பின்தங்கிய சாதிப் பிள்ளைகளால் நிலைக்க முடியவில்லை. எனவே, 1901-இல் மராத்தா விடுதி தொடங்கி, ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி விடுதிகள் எழ அவர் துணைநின்றார். கல்விக் கதவு திறந்தது. ஆனால் அடுப்புகள் தனித்தனியாகவே எரிந்தன.

அவற்றை ஒன்றாக்கியவர் பாவுராவ். கலப்பை விற்கும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றிய அவர், 1919-இல் கராடு அருகே காலே கிராமத்தில் 'ரயத் சிக்ஷண் சன்ஸ்தா'வைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவர்கள். 1924-இல் சதாரா நகரில் அவரது விடுதி உருவானது. மராத்தா, மகார், முஸ்லிம், சமணர் என எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கினார்கள். ஒரே உலையில் சோறு பொங்கி, ஒரே பந்தியில் உண்டார்கள். 1927-இல் அங்கு வந்த காந்தி, விடுதிக்கு ஷாஹுவின் பெயரைச் சூட்டினார்.

பேச்சுக்கு எளிது, நடத்துவது கடினம். தானியம் தீர்ந்த நாட்களில் பாவுராவின் மனைவி லட்சுமிபாயின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்கும் விற்பனைக்கும் போயின. கடைசியில் மங்கலசூத்திரமும் போனது. கிராமத்து வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி தானியத்தைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தைப் பாவுராவ் உண்டாக்கினார். பல ஊர்களின் கைப்பிடி தானியம் விடுதிச் சோறாயிற்று.

மாணவர்களும் சும்மா சாப்பிடவில்லை. சமைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், வயலில் உழைத்தார்கள், கட்டடத்துக்குக் கல் சுமந்தார்கள். 'உழைத்துப் படி' என்பதே விடுதியின் சட்டம். 1947-இல் சதாராவில் தொடங்கப்பட்ட சத்ரபதி சிவாஜி கல்லூரியிலும் அதே ஏற்பாடுதான். அப்பன் கையில் காசில்லாத பையன் கல்லூரிப் படியேறியது இப்படித்தான். படித்து முடித்தவர்கள் பலர் ஆசிரியர்களாகி, பள்ளியே இல்லாத கிராமங்களுக்குத் திரும்பினார்கள். சேவை என்பது இங்கே வாரக் கடைசியில் போய்வரும் முகாம் அல்ல. வாங்கிய பிடி தானியத்துக்குத் திருப்பிச் செலுத்தும் கடன்.

1959-இல் பாவுராவுக்கு பத்ம பூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். அவரது திட்டம் இன்றும் வாழ்கிறது. 'கமவா ஆணி சிகா' (சம்பாதி, படி) என்ற பெயரில் புணே பல்கலைக்கழகம் நடத்தும் மாணவர் வேலைத் திட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

அந்தப் பந்தியும் வாழ்கிறதா என்பதுதான் கேள்வி. இன்று நகரங்களில் மாணவர் தங்குமிடம் என்பது பெரும்பாலும் கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் வியாபாரம். பக்கத்துக் கட்டில்காரரின் ஊர் தெரியாமலே படிப்பை முடித்துவிடலாம். 2023-இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடத்தில் சைவர்களுக்கென்று தனி மேசைகள் ஒதுக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்த மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. உணவுப் பழக்கம் அவரவர் உரிமை என்றது ஒரு தரப்பு. இது சாதியின் புதிய முகம் என்றது மறுதரப்பு.

வாதம் எதுவானாலும் சதாரா தரும் பாடம் ஒன்றுதான். விடுதியில் மாணவர் கற்பதில் பாதி, பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 1908-இல் ஒரு பையன் குளிக்க மறுத்ததும் அதற்காகத்தான்.