ராஜ விசுவாசிகள் கலகக்காரர்களான கதை

1760-இல் மூன்றாம் ஜார்ஜ் பிரிட்டிஷ் அரியணை ஏறியபோது, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் இருந்த 13 காலனிகளில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் வசித்தார்கள். அங்கு குடியேறியிருந்த வெள்ளையர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் ‘அமெரிக்கர்’ என்ற எண்ணமே கிடையாது. ஊரளவில் வர்ஜீனியாக்காரர், மாசசூசெட்ஸ்காரர், பென்சில்வேனியாக்காரர். அதற்கு மேல் பிரிட்டிஷ் மன்னரின் பிரஜை. புதிய மன்னர் பட்டத்துக்கு வந்ததை பாஸ்டனும் பிலடெல்பியாவும் லண்டனுக்குச் சளைக்காமல் கொண்டாடின. பதினாறே ஆண்டுகளில் அதே மக்கள் அதே மன்னரைக் கொடுங்கோலன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

இதை ‘அமெரிக்க உணர்வு வளர்ந்தது, பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்தது, விடுதலை கேட்டது’ என்று பள்ளிப் பாடங்கள் சுருக்கிவிடுகின்றன. நடந்தது ஏறக்குறைய நேர்மாறானது. தங்களை முழு பிரிட்டிஷாராக நினைத்ததால்தான் அவர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்கர் என்ற அடையாளம் அந்தச் சண்டையின் கடைசியில், வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தது.

அந்த நாளில் பிரிட்டிஷ் அடையாளம் என்பது முதலில் உரிமைகளைக் குறித்தது. நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி மன்னர் வரி போட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவனை அவனைப் போன்ற குடிமக்கள் அடங்கிய ஜூரிதான் விசாரிக்க வேண்டும். 1688-இல் ஒரு மன்னரையே துரத்திவிட்டு, 1689-இல் உரிமைச் சட்டமாக எழுதி வாங்கிய பெருமை அதில் கலந்திருந்தது. பிரெஞ்சுக்காரனும் ஸ்பெயின்காரனும் அடிமைப் பிரஜைகள், நாம் மட்டுமே சுதந்திரர் என்ற இறுமாப்பும் உண்டு. ஒவ்வொரு காலனியிலும் ஒரு சட்டசபை இருந்தது. உள்ளூர் வரியை அதுதான் விதித்தது. நிலம் சுலபமாகக் கிடைத்ததால், இங்கிலாந்தைவிட இங்கே அதிக விகிதத்தில் ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது.

அடுத்தது பொருள்கள். ஸ்டாஃபோர்டுஷையர் பீங்கான், மான்செஸ்டர் துணி, லண்டன் பத்திரிகை, கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வர்ஜீனியாவின் நிலக்கிழார் ஜார்ஜ் வாஷிங்டன் தன் சட்டைத்துணியையும் நாற்காலியையும் லண்டன் வியாபாரிகளுக்கு எழுதித்தான் வரவழைத்தார். அவருடைய இளமைக்கால ஆசை பிரிட்டிஷ் ராணுவத்தில் மன்னரின் நேரடி ஆணை பெற்ற அதிகாரியாவது. அது கிடைக்கவில்லை. காலனிப் படையில் கர்னலாக இருந்தாலும், மன்னரின் ஆணை பெற்ற இளைய அதிகாரி ஒருவர் அவருக்கு மேல் அதிகாரம் கோர முடிந்தது. தாங்கள் சமமானவர்கள் என்று காலனிக்காரர்கள் நினைத்ததற்கும் லண்டன் அவர்களை நினைத்ததற்கும் இருந்த இடைவெளிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரான்ஸிடமிருந்து கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. வெற்றிக்குக் கொடுத்த விலையும் பெரிது: பிரிட்டனின் கடன் சுமார் 7½ கோடி பவுனிலிருந்து 13 கோடிக்கு மேல் ஏறியது. அமெரிக்காவில் 10,000 சிப்பாய்களை நிறுத்திவைக்கும் திட்டம் வேறு. இங்கிலாந்து மக்கள் ஏற்கெனவே வரியில் நொந்துபோயிருந்தார்கள். காலனிகளைக் காக்க ஆகும் செலவில் ஒரு பங்கைக் காலனிகளே தரட்டும் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் நினைத்ததில் அநியாயம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கணக்குப் பிள்ளையின் பார்வையில் அது நியாயமும்கூட.

1764-இல் சர்க்கரைச் சட்டம் வந்தது. கரும்புப் பாகுக்கான சுங்கம் காலனுக்கு ஆறு பென்னியிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஆனால் இதுவரை கடத்தல்காரர்களைக் கண்டும் காணாமல் விட்ட அதிகாரிகள் இனிமேல் வசூலித்தே தீருவார்கள் என்றும், வழக்குகள் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குப் போகும் என்றும் ஏற்பாடானது. 1765-இல் முத்திரைச் சட்டம். பத்திரம், உயில், உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, பகடைக்காய் வரை முத்திரை வரி கட்ட வேண்டும். இப்படியொரு வரி இங்கிலாந்தில் 1694 முதலே இருந்ததுதான். ஆனால் இங்கிலாந்து மக்கள் தேர்ந்தெடுத்த சபை அவர்களுக்கு விதித்த வரி அது. காலனிகளிலிருந்து ஒரு உறுப்பினர்கூட அந்தச் சபையில் கிடையாது. வரியின் தொகையைவிட இதுதான் உறுத்தியது. இந்த வரி வக்கீலையும் பத்திரிகைக்காரரையும் முதலில் தாக்கியது கிரென்வில்லின் போதாத காலம். ஊரிலேயே வாயும் பேனாவும் வலுத்தவர்கள் அவர்கள்தான்.

1765 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில், முத்திரை விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஒரு பெரிய எல்ம் மரத்தில் தொங்கியது. சீக்கிரமே அவர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 12 நாள் கழித்து, துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது. ஹட்சின்சன் பாஸ்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தச் சட்டம் கூடாது என்று தனிப்பட்ட முறையில் எழுதியவரும்கூட. அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்கள் மன்னருக்கு விசுவாசம் தெரிவிப்பதில்தான் தொடங்கின. ஆங்கிலேயருக்குள்ள உரிமைகள் எல்லாம் எங்களுக்கும் உண்டு என்பதே அவர்கள் கோரிக்கை.

லண்டன் ஒரு பதில் வைத்திருந்தது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஆனாலும் சபை நாட்டு மக்கள் எல்லோருக்காகவும்தான் பேசுகிறது, அதில் காலனிகளும் அடக்கம் என்பது அந்த வாதம். ஆள் குடியிருப்பே இல்லாத ஓல்டு சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்த காலம் அது. மான்செஸ்டர் போன்ற ஊர்களுக்கு உறுப்பினர் இல்லையென்றால் கொடுக்க வேண்டியதுதானே என்று பாஸ்டன் வக்கீல் ஜேம்ஸ் ஓடிஸ் திருப்பிக் கேட்டார். இங்கிலாந்தின் சீர்திருத்தவாதிகளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே இதை அமெரிக்கா–பிரிட்டன் சண்டை என்பதைவிட, ‘பிரிட்டிஷ் உரிமை யாருக்கு’ என்று ஒரே வீட்டுக்குள் நடந்த பங்காளிச் சண்டை என்பது பொருந்தும்.

1766 மார்ச்சில் முத்திரைச் சட்டம் ரத்தானது. காலனிகளில் மணி அடித்தார்கள், வாணம் விட்டார்கள். நன்றிக்கடனாக மன்னருக்குக் குதிரை மேல் அமர்ந்த சிலை வைக்க நியூயார்க் சட்டசபை முடிவெடுத்தது. ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய சிலை 1770-இல் நகரின் பௌலிங் கிரீன் திடலில் எழுந்தது. ஆனால் ரத்துச் சட்டத்தோடு இன்னொரு சட்டமும் நிறைவேறியிருந்தது: காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்ற பிரகடனம். கொண்டாட்டத்தில் அதைப் பலர் கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டே நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது இறக்குமதிச் சுங்கம் விதித்தார். இம்முறை எதிர்ப்பு கடைத்தெருவுக்கும் அடுப்படிக்கும் வந்தது. பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று வியாபாரிகள் ஒப்பந்தம் செய்தார்கள். மீறியவர்களின் பெயர் பத்திரிகையில் வந்தது. பெண்கள் ஒன்றாகக் கூடி நாள் முழுக்க ராட்டையில் நூல் நூற்றார்கள். தேநீருக்குப் பதில் மூலிகைக் கஷாயம் குடித்தார்கள். வாக்குரிமை இல்லாத பெண்கள் அரசியலுக்குள் வந்த வழி அதுதான். அந்நியத் துணி பகிஷ்காரமும் கதரும் கண்ட இந்திய வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. லண்டன் நாகரிகத்தில் அதுவரை மனம் பறிகொடுத்திருந்தவர்களின் பகிஷ்காரம் இது.

இந்த எதிர்ப்பை அடக்க 1768 அக்டோபரில் சிப்பாய்கள் பாஸ்டனில் வந்திறங்கினார்கள். சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஊர். சமாதான காலத்தில் மக்கள் நடுவே நிரந்தரப் படை நிறுத்துவது கொடுங்கோலின் அடையாளம் என்று ஒவ்வொரு ஆங்கிலேயனும் கற்றிருந்தான். 1770 மார்ச் 5 இரவு பனிக்கட்டியும் வசையும் வீசிய கூட்டத்தின் மீது சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். சுட்டவர்களுக்காக வாதாட முன்வந்த வக்கீல், எதிர்ப்பணியைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ். தளபதியும் ஆறு சிப்பாய்களும் விடுதலையானார்கள். கொலைக்குக் குறைந்த குற்றத்துக்காக இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். ஜூரி விசாரணை பிரிட்டிஷ் உரிமை என்றால் அது எதிரிக்கும் உண்டு என்று காட்டியாக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு டவுன்ஷெண்ட் விதித்தவற்றில் தேயிலை வரியைத் தவிர மற்றவை நீங்கின. வரி ராத்தலுக்கு மூன்று பென்னிதான். 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தள்ளாடியது. வங்காளத்தில் பெரும் பஞ்சம் கண்ட சில ஆண்டுகளில், லண்டன் கிடங்குகளில் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. அதை நேரடியாக அமெரிக்காவில் விற்க நாடாளுமன்றம் வழி செய்தது. வரியோடு சேர்த்தாலும் தேநீர் விலை குறையும். மலிவாகக் கொடுத்தால் கொள்கையை விட்டுவிடுவார்கள் என்று லண்டன் கணக்குப் போட்டது. டிசம்பர் 16 இரவு, மோஹாக் பழங்குடியினர் போல வேஷமிட்ட பாஸ்டன்காரர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். வங்காளத்தில் செய்ததைக் கம்பெனி இங்கேயும் செய்யும் என்று காலனித் துண்டுப் பிரசுரங்கள் எச்சரித்ததும் அப்போதுதான்.

அதன் பிறகு லண்டனில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி பிரிவின் கதையைத் தனக்குள் வைத்திருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் பல ஆண்டுகள் லண்டனிலேயே வாழ்ந்தவர். பேரரசை மனதார நேசித்தவர். அரசாங்கத் தபால் துறையில் உயர்பதவி வகித்தவர். மகன் வில்லியம் நியூ ஜெர்சியின் ஆளுநர். ஹட்சின்சன் எழுதிய தனிக் கடிதங்களை பாஸ்டனுக்கு அனுப்பியதற்காக, 1774 ஜனவரி 29 அன்று மன்னரின் ஆலோசனைச் சபை முன் அவர் நிறுத்தப்பட்டார். அரசு வக்கீல் அலெக்சாண்டர் வெட்டர்பர்ன் நெடுநேரம் அவரைத் திருடன் என்ற தோரணையில் ஏசினார். பிரபுக்கள் சிரித்து ரசித்தார்கள். 68 வயது பிராங்க்ளின் வெல்வெட் கோட்டுடன், முகத்தில் சலனமின்றி நின்றார். சில நாட்களிலேயே தபால் பதவி போயிற்று. சமமானவர்கள் என்று காலனிக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்ததை அந்தச் சிரிப்பு முடித்துவைத்தது. பிராங்க்ளின் ஊர் திரும்பி எதிர்ப்பணியில் சேர்ந்தார். மகன் மன்னர் பக்கமே நின்றார். இருவருக்கும் உறவு பிறகு சீர்ப்படவே இல்லை.

தேயிலைக்குத் தண்டனையாக 1774-இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்ஸின் சுயாட்சி வெட்டப்பட்டது. மற்ற காலனிகள் ஒதுங்கிக்கொள்ளும் என்று லண்டன் எதிர்பார்த்தது. ஆனால் செப்டம்பரில் 12 காலனிகள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் என்ற பெயரில் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. முதல் நாள் இரவு குதிரையில் விரைந்த பால் ரெவியர், ‘பிரிட்டிஷார் வருகிறார்கள்’ என்று கூவியதாகக் கதை உண்டு. உண்மையில் அவர் சொன்னது மன்னரின் ‘ரெகுலர்’ படை கிளம்பிவிட்டது என்றுதான். கேட்டவர்களும் பிரிட்டிஷார்தானே! போர் தொடங்கிய பிறகும் எதிரிப் படையை அமைச்சர்களின் படை என்றே குறிப்பிட்டார்கள்: மன்னர் நல்லவர், அமைச்சர்கள் கெடுக்கிறார்கள் என்ற கற்பனை அவ்வளவு உறுதி. காலனிகளின் படைக்குத் தலைமை ஏற்றிருந்த வாஷிங்டனின் பாசறையில் 1776 தொடக்கத்தில் பறந்த கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடியே இருந்தது.

அந்தக் கற்பனையை உடைத்தவர் மன்னரேதான். 1775 ஜூலையில் காங்கிரஸ் அனுப்பிய சமாதான மனுவை அவர் ஏற்கவில்லை. ஆகஸ்டில் காலனிகள் கலகத்தில் இருப்பதாகப் பிரகடனம் செய்தார். பிறகு ஜெர்மன் கூலிப்படை வரப்போகிறது என்ற செய்தி வந்தது. சொந்தப் பிள்ளைகள் மீது அந்நியரை ஏவும் தந்தையா? 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் எழுதிய ‘காமன் சென்ஸ்’ மன்னராட்சியையே கேள்வி கேட்டது. பெயின் பதினான்கு மாதம் முன்புதான் இங்கிலாந்திலிருந்து வந்தவர். பிரிட்டிஷ் அடையாளத்தைத் தூக்கி எறியச் சொல்ல ஒரு இங்கிலாந்துக்காரர்தான் துணிந்தார் என்பது வரலாற்றின் குறும்பு.

ஜூலை 4 சுதந்திரப் பிரகடனம் நாடாளுமன்றத்தைப் பெயர் சொல்லாமல், மன்னரின் குற்றங்களையே பட்டியலிட்டது. காலனிகளைப் பிணைத்திருந்த கடைசி நூல் அவர்தான். ஜூலை 9 அன்று அது நியூயார்க்கில் படிக்கப்பட்டதும் கூட்டம் பௌலிங் கிரீனுக்குப் போய் மன்னர் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தது. ஈயத்தை கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டு ஊருக்குக் கொண்டுபோய் உருக்கி 42,088 துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தார்கள்.

இந்த உரிமைப் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் கறுப்பின அடிமைகள் காலனிகளில் இருந்தார்கள். பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சனிடமும் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை ஓட்டுகிறவர்களே சுதந்திரத்துக்கு உரக்கக் கத்துவதை லண்டனில் சாமுவேல் ஜான்சன் கேலி செய்தார். கலகக்காரரின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்ததும் நூற்றுக்கணக்கானோர் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு விடுதலை பிரிட்டிஷ் பக்கத்தில் இருந்தது.

1778-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், வருவாய்க்காக இனிக் காலனிகள் மீது வரி விதிப்பதில்லை என்று சட்டமே போட்டுத் தூதுக்குழுவை அனுப்பியது. 1765-இல் கேட்டது அதுதான். 1778-இல் அதை வாங்க ஆளில்லை. 1783-இல் சுதந்திரம் உறுதியானது. மன்னர் பக்கம் நின்ற சுமார் 60,000 பேர் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனார்கள்.

இந்தக் கதையின் ஒரு இழை இந்தியாவுக்கும் நீண்டது. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ், 1786-இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். கம்பெனியின் உயர்பதவிகள் அவர் காலத்தில் இந்தியர்களுக்கு மூடப்பட்டன. திப்பு சுல்தானை 1792-இல் பணியவைத்து, அவருடைய இரு பிள்ளைகளைப் பணயமாகப் பெற்ற அவரின் சிலை சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.